புல்லுக்கு என்ன தீனம்?

எங்கள் ஊரில் களைக்கொல்லியை யாரும் களைக்கொல்லி என்று சொல்வதில்லை. மருந்து என்போம். வாழைத்தோட்டத்தில் புல் முளைத்தால் மருந்து, வீட்டு முற்றத்தில் முளைத்தாலும் மருந்து. சர்ச்சில் அசன விருந்துக்குப் பந்தி போடும் இடத்தில் அடிப்பதும் மருந்துதான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பெரிய படிப்பெல்லாம் படித்தவள். என் வாயிலும் வேறு சொல் வந்ததில்லை.

என் கணவர் முற்றத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது, நடையில் உட்கார்ந்திருந்த எங்கள் மகள் கேட்டாள்: "அம்மா, புல்லுக்கு என்ன தீனம்?" தீனம் என்றால் எங்கள் பக்கம் நோய். அவளுக்கு நாலு வயது. தீனம் வந்தால்தானே மருந்து? நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். துபாயிலிருக்கும் கொழுந்தனுக்குப் போன் போட்டுச் சொன்னோம், அவனும் சிரித்தான். பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவள் முகம் உப்ப ஆரம்பித்தது. "குட்டி இப்பதான் கொஞ்சம் சதை வச்சிருக்கு. கண்ணு பட்டிராம பாத்துக்க மக்கா" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்காரும் பிள்ளை அது. ஒருநாள் ஷூ காலில் ஏறவில்லை. அதற்கும் அவளைத்தான் திட்டினேன், காலை நேராக வை என்று. மறுநாள் காலையில் கண் திறக்க முடியாதபடி இமை வீங்கியிருந்தது. ஒன்றுக்குப் போனது கொஞ்சம்தான், அதுவும் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "கிட்னி சரியா வேலை செய்யல்ல."

கிட்னியா? சுகர் முற்றிய கிழவர்களுக்கு வருகிற வியாதி அல்லவா அது? எல்.கே.ஜி. பிள்ளைக்கு எப்படி வரும்? "ரிப்போர்ட்டு மாறியிருக்கும் டாக்டர். வேற ஆருக்கோ உள்ளதா இருக்கும்" என்று சண்டைக்கே போனேன். அவர் என்னைப் பேசி முடிக்க விட்டார். பிறகு கேட்டார்: "வீட்டுல ஏதாவது மருந்து குடுத்தியளா? நாட்டு மருந்து, சிரப்பு, எதுவானாலும் சொல்லுங்க."

"ஒரு மருந்தும் குடுக்கல்ல."

"மருந்து உண்டும்மா" என்றாள், என் மடியில் கிடந்தவள்.

"எங்க மக்களே?" டாக்டரம்மா குனிந்து கேட்டார்.

"மோட்டர் ரூமில. அப்பா வச்சிருக்காவ. பொம்மைக்குத் தீனம் வந்துச்சுல்லா, நான் மூடியில ஊத்திக் குடுத்தேன்."

களைக்கொல்லி கேனின் மூடி. என் கணவர் அதில்தான் அளந்து டேங்கில் ஊற்றுவார். ஊற்றிவிட்டு, கழுவாமல் ஜன்னல் படியில் வைத்துவிடுவார். அவளுக்கு எட்டும் உயரம் அது. அடியில் ஒட்டிக் கிடந்ததில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மருந்து கலக்கியிருக்கிறாள்.

"நீ குடிச்சியா?" என்றேன்.

"கொஞ்சம்தான். பொம்மை வாயத் தொறக்கல்ல. அம்மா மொதல்ல குடிச்சுக் காட்டுவல்லா, அதுமாதிரி."

ஆமாம், காட்டுவேன். காய்ச்சல் சிரப்புக்கு அவள் வாயைத் திறக்காதபோதெல்லாம் மூடியை என் உதட்டில் வைத்து, "பாரு, அம்மா குடிச்சாச்சு, இனிக்குது" என்பேன். அவளும் நம்பிக் குடிப்பாள்.

"டெய்லி குடுத்தேன்மா. பொம்மைக்குத்தான் சுகமாகல்ல" என்றாள்.

நான் கணவரிடம் திரும்பினேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. "அத மேல தூக்கி வைக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"மருந்துதானேன்னு..." என்றார்.

இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பிள்ளை வாயைத் திறந்து சொன்னது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டரம்மா. அந்தக் கேனில் ஒட்டியிருந்த தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா போனில் அனுப்பிய படத்தில் மண்டையோடு இல்லை, ஒரு பச்சை வயல்தான் இருந்தது. கீழே பொடி எழுத்தில் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கும்படி போட்டிருந்தது. அதை நான் முதல்முறையாக ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்தேன்.

வீக்கம் மெல்ல வடிந்தது. ஒருநாள் சிறுநீர் தெளிந்து வந்தபோது கக்கூஸ் வாசலில் நின்று சத்தம் போட்டு அழுதேன். கிட்னி முழுதாகத் தேறியதா என்பது போகப் போகத்தான் தெரியும், விடாமல் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வரும் வழியில் மருந்துச் சீட்டோடு புதுக்கடை ஜங்ஷனில் இறங்கினோம். மெடிக்கலுக்கு இரண்டு கடை தள்ளி உரக்கடை. கடைக்காரர் என் கணவரைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். "அண்ணே, மருந்து வந்திருக்கு. எடுத்து வைக்கட்டா?"

என் தோளில் சாய்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

"எனக்கா அப்பா, புல்லுக்கா?"