வேகம் வேண்டாம் என்ற பௌசியா ராத்தா

எங்கள் எல்லோருக்கும் அக்கா முறையான பௌசியா ராத்தா மௌத்தாகிவிட்டார் என்று மருதமுனையிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, பத்திரிகைப் பக்கங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பதிந்துகொண்டிருந்தேன். பாதிகூட முடிந்திருக்கவில்லை. இன்னாலில்லாஹ் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். ஜனாஸாவைத் தூக்கும்போதும் இங்கே அந்தப் பதிவு ஊர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

அவர் பொறுமைசாலி, சிக்கனக்காரி என்று இரங்கல் கூட்டத்தில் பலரும் சொன்னார்கள். நான் மறுக்கிறேன். பிளேன்டீ ஆறும்வரை பொறுக்காதவர் அவர்.

எங்கள் கல்முனைப் பத்திரிகைக்கு ஒரே கணினி. அது பழுதானால் எல்லாம் போய்விடும் என்பதால் பிரதி வைக்க வெளி டிஸ்க் ஒன்று வாங்க முடிவெடுத்தோம். இரண்டு வகை இருந்தன. ஒன்று, கணினிக்குள் ஸ்கஸி அட்டை பூட்டி இணைப்பது. விலையும் கூட, வேகமும் கூட. மற்றது, பிரிண்டர் வயரைக் கொளுவுகிற இடத்திலேயே கொளுவுவது. மலிவு, ஆமை வேகம். நான் முதலாவதைக் கேட்டேன். பக்கம் வடிவமைப்பதும் கணக்கும் ராத்தாவின் பொறுப்பு. அவர் மசியவில்லை.

“ராத்தா, இது லுஹருக்குப் போட்டா அஸருக்குத்தான் முடியும்.”

“முடியட்டும். இடையில தொழுதிட்டுச் சோறும் தின்னலாம்.”

“வேகம் வேணாமா?”

“வேகமா முடிச்சிட்டு எங்க மனே ஓடப் போறாய்? ஆமி செக் பொயின்ட்ல இறங்கி நிக்கத்தானே?”

அறையே சிரித்தது. எனக்கு எரிந்தது.

மலிவானதை வாங்கினோம். முதல் மாதமே, பதிந்துகொண்டிருக்கும்போது கறண்ட் போய்ப் பிரதி பாழானது. மறுநாளும் அதே கதை. “சொன்னேனா இல்லையா?” என்று கத்தினேன்.

“ஓம், சொன்னாய். சொன்னதோட நிண்டிட்டாய்” என்றார். அதன்பிறகு எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பதிவதை விட்டு, மாறிய பக்கங்களை மட்டும் சிறிது சிறிதாகப் பதிந்தார்.

பிறகு நெசவுக் கூலி பற்றி ஓர் இதழ் தயாரித்தோம். எங்கள் பத்திரிகை அறையின் சொந்தக்காரர் மருதமுனையில் தறிகளும் வைத்திருந்த முதலாளி. கூலி போதாது என்று தங்கள் பெயரிலேயே எங்களிடம் பேசிய பெண்களை அவர் வேலையிலிருந்து நிறுத்தினார். அவர்கள் சொன்னது அச்சேறாவிட்டால், வேலையும் போய்ப் பேச்சும் வீணாகும். அச்சுக்குக் கொடுக்கும் முன் எங்கள் அறையையும் பூட்டினார். கணினி உள்ளே. டிஸ்க் ராத்தாவின் பையில்.

அவர் நேரே மருதமுனையில் ஒரு டியூஷன் வகுப்புக்குப் போனார். அங்கே ஒரு பழைய கணினி இருந்தது. ஆசிரியர் தயங்கினார்.

“சேர், இது கடிக்காது. பிரிண்டர் வயரக் கொஞ்சம் கழட்டுங்க.”

ஒவ்வொரு பக்கமும் திறக்க எடுத்த நேரத்தில் நான் முற்றத்தில் நடந்தே களைத்தேன். வேலை இழந்த பெண்ணொருத்தி வந்து வாசலில் நின்றாள்.

“ராத்தா, எங்கட பேரு இருக்கா?”

“இரிக்கி. ஆரு சொன்னாலும் வெட்ட மாட்டன். உள்ளுக்கு வா, வாசிச்சுப் பாரு.”

இதழ் வெளிவந்தது. நான் கேட்ட வேகமான டிஸ்க்காக இருந்திருந்தால், அட்டை இல்லாத அந்தக் கணினியில் அது வெறும் பெட்டி. வெளியே வந்ததும் ராத்தா சொன்னார்: “ஒரு கதவப் பூட்டினா வேற எங்க கொண்டு போய்க் கொளுவலாம் எண்டு முதல்ல பாக்கணும் மனே. வேகத்தப் பிறகு பாப்பம்.”

ஏழைக்கு மெதுவானதே போதும் என்று சொல்ல யாரும் இதை உதாரணம் காட்ட வேண்டாம். கறண்டும் பாதையும் அறையின் சாவியும் நம் கையில் இல்லாததால்தான் அவர் அப்படிக் கணக்குப் பார்த்தார். அந்த நிலைமையின் மேல் அவருக்கிருந்த கோபம் எனக்குத் தெரியும்.

பேசிய பெண்களுக்கு இன்னும் தறி கிடைக்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோதும் ராத்தா அதைப் பற்றித்தான் கதைத்தார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பொறுமையை அல்ல, அவர்களுக்கான அந்தச் சண்டையைத்தான்.