பழைய படத்தைப் பார்க்காதவள்

சென்ற மாதம் அண்ணன் மகள் என்னைச் சென்னையில் ஒரு விண்வெளிப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வரிசையாக வந்த படங்களாம்; நான் ஒன்றையும் பார்த்ததில்லை. "பரவால்ல அத்த, இது மொதல்லேர்ந்து புதுசா ஆரம்பிக்கிற கதை" என்றாள். பயந்துகொண்டே உட்கார்ந்தேன். நல்லவேளை, புரிந்தது, பிடித்தும் இருந்தது. வெளியே வந்தால், பழசுக்கு இது ஈடாகுமா என்று படியில் நின்று இளைஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சோளப்பொரியின் வெண்ணெய் வாசனையில் எனக்கு வறுத்த வேர்க்கடலை ஞாபகம் வந்தது. கடலையோடு உத்திரமேரூர்க் கொட்டகை. கொட்டகையோடு எங்கள் டிரில் மாஸ்டர்.

எண்பதுகளின் தொடக்கம். பெருநகர் என்ற பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, உத்திரமேரூரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கொட்டகைக்கு ஓர் ஆங்கிலப் படம் வந்தது. பல வருஷத்துக்கு முன் கறுப்பு வெள்ளையில் வந்த ராக்கெட் படத்தையே கலரில் மறுபடி எடுத்திருந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று ஹெட்மாஸ்டர் யோசித்தார். டிரில் மாஸ்டர் பழையதைப் பார்த்தவர்.

"அதுல ராக்கெட் கெளம்புனா கொட்டாயே அதிரும் சார். இது சும்மா கலரு காட்டிக்கினு கீது."

ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பழசப் பாத்திருக்கீங்களாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப நீங்கதான் சரி. போய்ப் பாத்துட்டு எழுதிக் குடுங்க."

போனேன். பத்து வார்த்தையில் ஒன்றுதான் புரிந்தது. ஆனால் கதைக்கு வார்த்தை தேவைப்படவில்லை. நடுவானில் கப்பல் பழுதாகிறது. ஆண்கள் எல்லாரும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நிற்க, பெண் என்ஜினீயர் ஒருத்தி கயிற்றைக் கட்டிக்கொண்டு தனியாக வெளியே போய்ச் சரிசெய்துவிட்டுத் திரும்புகிறாள். கடலையை மென்றேனா விழுங்கினேனா தெரியாது.

ஒரு பக்கம் புகழ்ந்து எழுதிக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். திரும்பி வந்தவளைக் கேப்டன் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறான். எழுதக் கூச்சமாக இருந்தது. கண் சிமிட்டும் நேரம்தானே, பிள்ளைகள் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகள் கவனிக்காதது என்று உலகத்தில் ஒன்று உண்டா? அப்போது எனக்கு அனுபவம் போதாது.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். கொட்டகை வாசலில் ஒன்பதாம் வகுப்புக் கஸ்தூரியின் அப்பா வழிமறித்தார். விவசாயி, கழனியிலிருந்து நேரே வந்திருந்தார்.

"இன்னா டீச்சர், இங்கிலீஷ் படமாமே? எதுனா ஒரு மாரியா இருந்துச்சுன்னா திங்கக்கெயமலேர்ந்து பொண்ணு வூட்டோட நின்னுரும். சொல்லிட்டேன்."

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன். கஸ்தூரி கணக்கில் கெட்டிக்காரி. அவரும் ஒரு டிக்கெட் வாங்கி ஆண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

திரையில் அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். கேப்டன் எழுந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார், மறைக்குது சார்!" என்று ஒரே கூச்சல். திறந்து பார்த்தால் திரை முழுக்கக் கன்னங்கரேல் என்று ஹெட்மாஸ்டரின் நிழல். ஆபரேட்டர் அறைக்கு நேரே ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தார்.

"யார்றா விசிலடிச்சது? யாரு?"

யாருமே அடிக்கவில்லை. அவர் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி விசாரித்து இறங்குவதற்குள் கப்பல் தரைக்கு வந்துவிட்டது.

படம் விட்டதும் கஸ்தூரியின் அப்பா என்னைத் தேடி வந்தார்.

"நல்லா கீது டீச்சர். அந்தம்மா ஸ்பேனரப் புடிச்சிக்கினு இன்னா தகிரியமா போவுது! படிச்ச பொண்ணு இல்ல?"

திங்கட்கிழமை வருகைப் பதிவில் கஸ்தூரி "உள்ளேன் டீச்சர்" என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன்.

"சார், நான் எழுதாம விட்டது ஒண்ணு…"

"தெரியும்மா. வெள்ளிக்கிழம நானும் போய்ப் பாத்தேன்." வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பழசுலயும் அது இருந்துது. டிரில் மாஸ்டர் மூச்சு விட்டாரா பாருங்க."

பல வருஷம் கழித்து, கொட்டகையை இடித்த வாரம் அந்த வழியே பஸ்ஸில் போனேன். கூரை, பெஞ்சு, ஆபரேட்டர் அறை எல்லாம் போய், வெள்ளையடித்த திரைச் சுவர் மட்டும் நின்றது. அதன்மேல் முழு வெயிலும் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் சுவரும் இல்லை. அந்தப் பக்கத்து வயல் தெரிந்தது.