கொஞ்சம் வேகமாகப் பாடிய பெண்கள்

அக்காவுக்கு ஏற்றும் மருந்து காதையும் பாதிக்கும் என்று புத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய்க்கு அந்த மருந்தை விட்டால் வேறு வழியில்லை என்றார். கீச்சென்ற சத்தங்கள் முதலில் போகும், கனத்த சத்தங்கள் கடைசியில் போகும் என்றும் சொன்னார். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகாதாம். எங்களுக்கு அந்த மாதிரி அதிர்ஷ்டங்கள் வருவதில்லை என்பதால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் தடவை மருந்து ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்த சில நாட்களில் அது தெரிந்துவிட்டது. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போய் அணைத்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடிச்சிச்சா?"

"அடிச்சிச்சு."

கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "காது இருக்குறப்பவே அந்த பபிள்கம் பாட்டை ஒரு தடவை கேட்டுடணும்டா" என்றாள்.

சாமி பாட்டு, சினிமா பாட்டு எதையும் கேட்கவில்லை. கேட்டது அதைத்தான்.

அந்தப் பாட்டைக் கேட்ட காலத்தில் நாங்கள் உறையூரில் ஓர் ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா செத்து, அம்மா ஆஸ்பத்திரியில் பெருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அக்கா ஜவுளிக்கடையில் நின்றாள். காலையிலிருந்து கடை சாத்தும்வரை உட்கார முடியாத வேலை. பக்கத்து வீட்டு கேபிள் டிவியில் வெளிநாட்டுப் பெண்கள் நாலு பேர் கலர் கலராக உடுத்தி, கைதட்டிக்கொண்டு, குதித்துக் குதித்துப் பாடுவார்கள். எந்த நாடு என்று தெரியாது. என்ன பாடுகிறார்கள் என்றும் தெரியாது. அந்தப் பெண்களுக்குக் கால் வலிக்காது என்பது மட்டும் பார்த்தாலே தெரிந்தது.

தென்னூரில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. காலி கேசட் வாங்கிக் கொடுத்து, என்னென்ன பாட்டு வேண்டும் என்று சொன்னால் பதிந்து தருவார்கள். கடைக்காரருக்கு அந்த மாதிரிப் பாட்டுகள் பிடிக்காது. "பபிள்கம் பாட்டும்மா இது. மென்னு துப்பிட்டுப் போயிடுவாங்க" என்பார். ஆனாலும் பதிந்து கொடுத்தார். அறுபது நிமிட கேசட்டில் நாங்கள் கேட்ட அத்தனை பாட்டும் அடங்கியிருந்தது.

அந்தப் பெண்களின் பாட்டு முதல் பக்கத்தில் முதலில் வரும். அக்கா ஜவுளிக்கடையிலிருந்து வந்து, வீங்கிய காலோடு அதைப் போட்டு ஆடுவாள். அம்மா சுவரோரம் சாய்ந்து, "கால் வலின்னு சொன்னவ எங்கடி போனா?" என்பாள். எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தது அந்தப் பாட்டுக்குத்தான். வேறு சமயம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

பிறகு அம்மா போனாள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, அந்த ஆளும் ஒருநாள் கிளம்பிப் போனான். நான் திருப்பூர், ஹூப்ளி, கோவா என்று கிடைத்த வேலைக்குப் பின்னால் அலைந்தேன். எந்த ஊரிலும் எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் இருப்புக் கொள்ளாது. கேசட் என் பையில்தான் இருந்தது. ஹூப்ளிக்குப் பக்கத்தில் நான் ஏறிப்போன ஒரு லாரியின் பிளேயர் அதன் நாடாவை இழுத்துச் சுற்றிக்கொண்டது. டிரைவர் அதை அறுத்து ஜன்னல் வழியாக வீசினார். அக்காவுக்கு நோய் என்று தகவல் வந்தபோது பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வந்துவிட்டேன்.

இப்போது எந்தப் பாட்டும் போனில் கிடைக்கும். அந்தப் பாட்டையும் கண்டுபிடித்து, இயர்போனை அவள் காதில் வைத்தேன். கொஞ்சம் கேட்டுவிட்டுக் கழற்றினாள்.

"இது இல்லடா."

"அதேதான்க்கா. அதே நாலு பேரு, பாரு."

"ஆளு அதேதான். பாட்டு இது இல்ல. எழவு வீட்ல பாடுற மாதிரி இழுக்குறாளுங்க."

வேறு வேறு பதிவுகள் தேடிப் போட்டேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். கடைசியில் இயர்போனைச் சுருட்டி என் கையில் வைத்து, "உனக்கு எப்படிக் கேக்குது? நிஜத்தைச் சொல்லு. என் காது அவ்வளவு கெட்டுப்போச்சா?" என்றாள்.

நானும் கேட்டேன். எனக்கும் இழுவையாகத்தான் கேட்டது. குரல்கள் தடித்திருந்தன. குதித்துக்கொண்டிருந்த பெண்கள் சாமான் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதுபோல இருந்தது. "எனக்கும் அப்படித்தான்க்கா இருக்கு" என்றேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

மறுநாள் பஸ் பிடித்துத் தென்னூர் போனேன். ரெக்கார்டிங் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர்கள் தொங்கின. உள்ளே அதே ஆள்தான், முடி முழுக்க வெளுத்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, அறுபது நிமிஷ கேசட்ல அவ்வளவு பாட்டு எப்படி அடங்குச்சுன்னு நெனச்சீங்க?"

"தெரியலைங்கண்ணே."

"தொண்ணூறு நிமிஷ கேசட் வாங்கச் சொன்னா யாரும் வாங்க மாட்டாங்க. அடங்காத பாட்டை விட்டாலும் சண்டைக்கு வருவாங்க. பாட்டு ஓடுற டெக்கோட மோட்டாருக்குப் பின்னாடி ஒரு திருகாணி இருக்கும். அதை லேசா திருப்பினா வேகமா ஓடும். குரலும் மேல ஏறிக்கும். யாரும் கண்டுபிடிக்கல. நீங்கதான் இப்ப வந்து நிக்கிறீங்க, இத்தனை வருஷம் கழிச்சு."

நாங்கள் ஆடிய பாட்டு வேறெங்கும் இல்லை. தென்னூரில், அவர் திருப்பிய திருகாணியில் மட்டும் இருந்தது. போனிலேயே வேகத்தைக் கூட்டலாமே என்று கேட்டேன். கூட்டினால் வேகம் மட்டும் கூடும், குரல் ஏறாது என்றார். இரண்டும் சேர்ந்து ஏற, மெமரி கார்டில் பாட்டு ஏற்றப் பயன்படுத்தும் பழைய கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டுமாம். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதைக் காது வைத்துத்தான் பார்க்கணும், இரண்டு நாள் கழித்து வாங்க என்றார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே முடித்துக் கொடுத்திருப்பாரோ என்னவோ.

அந்த இரண்டு நாளுக்குள் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வந்துவிட்டது. பஸ்களைத் திருப்பிவிட்டார்கள். அக்காவை இரண்டாவது தடவை மருந்துக்குப் புத்தூருக்குக் கூட்டிப்போவதே பெரும்பாடாக இருந்தது. அதற்கப்புறம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. எதைக் குடித்தாலும் வாந்தி எடுத்தாள். விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. கூட்டம் வடிந்த பிறகுதான் தென்னூர் போனேன். அவர் பாட்டைத் தயாராக வைத்திருந்தார். கடையிலேயே போட்டுக் காட்டினார். அதேதான். கைதட்டல் தொடங்கியதும் உறையூர் அறையின் மண்ணெண்ணெய் வாசனை வந்தது. வெளியே போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா சுவரோரம் சாய்ந்திருந்தாள். இரண்டு காதிலும் இயர்போனை வைத்து, சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். விரல் தாளம் போட்டது. தாளம் சரியாக இருந்தது, பழைய வேகம். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"வேகம் இதுதான்டா. கொட்டு நல்லா வருது."

"பாட்டு?"

நான் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். மறுபடியும் கத்திக் கேட்டேன்.

"அவளுங்க எங்கயோ ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுப் பாடுறாளுங்க" என்றாள். "வெளிய வரமாட்டேங்குறாளுங்க."

இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். அப்புறம் இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "போனா போறாளுங்க, எனக்குத்தான் மனப்பாடமா தெரியுமே" என்று தானே பாட ஆரம்பித்தாள். அந்த அர்த்தம் தெரியாத வார்த்தைகள் ஒன்றுகூட மறக்கவில்லை. ஆனால் மூச்சு இல்லை. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நின்று, இழுத்து, தடித்த குரலில் பாடினாள். போனில் நான் முதன்முதலில் போட்டுக் காட்டிய பாட்டின் வேகம்தான் இருந்தது. அதைவிடவும் மெதுவாக.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சரியா பாடுறேனா? அதே மாதிரி இருக்கா?"

அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று பக்கத்தில் போய், காதோரம் குனிந்து, "அதேதான்க்கா" என்று கத்தினேன்.