புதுநன்மை வீடியோவின் பின்பகுதி

“ஞாயிறு, புதுநன்மை விருந்து, பிற்பகல். கேக் வெட்டுவதோடு முடிகிறது. இதற்குப் பின் உள்ளது யாருக்கும் கிடையாது.”

வீடியோ எடிட் செய்யும்போது, காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் ஒரு சிவப்புக் குறி வைத்து, அதன்மேல் நான் எழுதிய குறிப்பு இது. பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர்க் கோயில் விழாக்களையும் வீட்டு விசேஷங்களையும் படம் பிடித்துத் தேதிவாரியாகச் சேர்த்துவருகிறேன். ஒரு நாளுக்கு ஒரு டைம்லைன். அன்று எடுத்தது எல்லாம் அதில் இருந்தாக வேண்டும்.

அன்று பக்கத்து வீட்டுப் பையனுக்குப் புதுநன்மை; மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். விருந்து முடிந்ததும் அவன் அம்மா என்னைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப்போய், முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். கன்றிப்போயிருந்தது.

“இதையும் எடுத்து வச்சுக்கோங்க பெரியத்தே. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வேணும். அடுத்தவாரம் திங்கக்கெழமையிலேர்ந்து அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். கம்பெனி பஸ் ஏறுனதும் புள்ளய இட்டுனு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். போன தடவ முன்னாடியே தெரிஞ்சிபோயி ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க.”

எடுத்தேன். அவள் சொன்னது முழுவதும் பதிவானது. என் வழக்கப்படி அந்த நாளின் டைம்லைனிலேயே, கேக்குக்குப் பின்னால் சேர்த்தேன்.

சனிக்கிழமை காலை அவள் புருஷன் வந்து நின்றான். “பெரிம்மா, வீடியோ ரெடியா? மத்தியானம் சித்தப்பா வூட்டுல எல்லாம் வராங்க.” பூசை முதல் கேக் வரை தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, அந்தப் பகுதியை மட்டும் தனி வீடியோவாக்க ரெண்டருக்குக் கொடுத்தேன். அவன் பென் டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

பட்டியலில் ஏற்றுவதற்காகக் கோப்பின் நீளத்தைப் பார்த்தது மதியத்துக்குப் பிறகுதான். குறித்த பகுதியைவிட மிக நீளமாக இருந்தது. ரெண்டர் பெட்டியைத் திறந்தேன். “முழு டைம்லைன்” என்றிருந்தது. பகுதியைக் குறித்தவள், அதை மட்டும் எடு என்று சொல்ல மறந்திருக்கிறேன்.

அவளுடைய போன் மாமியாரிடம் இருக்கும். செருப்பைக்கூட மாட்டாமல் அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

கூடத்தில் நாற்காலிகள் போட்டு உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பென் டிரைவ் டிவியில் செருகியிருந்தது. மாமியார் ரிமோட்டை நீட்டினார். “வாக்கா, நீயே போட்டுவுடு. கறி வாங்கப் போனவன இன்னும் காணோம்.”

“பாட்டு சரியா சேரல. மாத்தித் தரேன், குடு.”

“பாட்டு இன்னாத்துக்கு? எம் பேரன் மூஞ்சி தெரிஞ்சா போதும். உன்ன நம்புனா கல்யாண வீடியோ வரதுக்குள்ள கொழந்த பொறந்துடும்!”

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் அவரே பொத்தானை அழுத்திவிட்டார். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: விட்ட இடத்திலிருந்து தொடரவா? பக்கத்தில் காட்டிய நிமிடக் கணக்கு கேக் வெட்டிய இடத்தைத் தாண்டியிருந்தது.

யாரோ ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள்.

“இன்னாக்கா கேக்குது?” கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியாது.

“ஃபைல் கெட்டுப்போச்சாம்.” பென் டிரைவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த மருமகளும் திரையைப் படித்திருந்தாள்.

“நீயும் கூடப் போயி கையோட வாங்கினு வாடி,” என்றார் மாமியார். “இல்லன்னா இன்னிக்கு வராது.”

அவள் பையனின் கையைப் பிடித்தாள்.

“அவன் எதுக்குடி?”

“நானும் வரேன்னு ஒரே அடம், அத்தே.”

என் வீட்டில் அவள் உட்காரவில்லை. என் தவறைச் சொல்லி, பென் டிரைவை அவளிடமே கொடுத்தேன். மூவரும் கரும்பு வயல் ஓரமாக மெயின் ரோட்டுக்குப் போனோம். அவள் அம்மா ஊருக்குப் போகும் வில்லியனூர் பஸ் வரும்வரை ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் அவள் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. பஸ் வந்தது. உடுத்திய புடவையோடு ஏறினாள்.

திரும்பி வந்து கதவைத் தாழிட்டேன். கொஞ்ச நேரத்தில் பைக் வந்து நின்றது.

“பெரிம்மா, அவ எங்க?”

“அப்பவே கெளம்பிட்டாளேப்பா,” என்றேன் கதவுக்கு உள்ளிருந்தே. பிறகு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அண்ணன்கள் துணைக்கு இருப்பதாகப் போனில் சொன்னாள். அன்று டிவியில் முதலில் போட்டுப் பார்த்தது தானல்ல என்றும், பையன்தானா என்று அவனைக் கேட்கப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அவள் புருஷன் வீடியோவைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேக்குக்குப் பின் உள்ளதைப் பார்த்தது யார், எவ்வளவு பார்த்தார் என்பது இதை எழுதும் வரை உறுதியாகவில்லை.