முப்பது பேர் போட்டோவுக்கு என் நம்பர்

செல்போன் கடையில் கவுண்டரில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்கிற கேள்வி இதுதான்: "உள்ள இருந்த போட்டோ எல்லாம் திரும்பக் கெடச்சிடுமில்ல?" இந்தக் கேள்வியை நீங்களும் எந்தக் கடையிலாவது கேட்டிருப்பீர்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளுக்கும் பதில் தெரியாது என்பதை மட்டும் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். புதுச்சேரியில் காதர் பாய் கடையில் மூன்று வருஷமாக இருக்கிறேன்.

கோடு போற எடம்

புதுப் போன் வாங்குகிறவர்களுக்கு மெயில் ஐடி நாங்களே போட்டுக் கொடுப்போம். அந்த ஐடி இருந்தால்தான் படங்கள் க்ளவுடில் ஏறும். ஐடி திறக்க ஒரு நம்பர் கேட்கும், அந்த நம்பருக்கு ஓ.டி.பி. மாதிரி ஒரு கோடு வரும். பல பேருக்குப் புது சிம் சாயங்காலம்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும். அதுவரை யார் காத்திருப்பார்கள்? "ஒன் நம்பரப் போட்டு வுடும்மா, அப்பறம் மாத்திக்கலாம்" என்பார் பாய். அப்புறம் என்பது வந்ததே இல்லை. இப்படி முப்பது பேருக்கு மேல் என் நம்பர்தான். என் நம்பர் போனால் அத்தனை பேர் படத்துக்கும் பூட்டு விழும் என்று எனக்கு அப்போதே தெரியும். பாயிடம் எடுத்துச் சொல்லக் கூச்சம்.

கருவடிக்குப்பத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிற செல்வி அக்காவிடம் மட்டும், "ஒங்க நம்பர் வேலை செஞ்சதும் வாங்கக்கா, மாத்தித் தரேன்" என்று சொன்னேன். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஒன் நம்பரே இருக்கட்டும் பாப்பா. என் சிம்ம எப்ப வேணா எங்க வூட்டுக்காரரு புடுங்கிக்குவாரு."

சொல்தா தாத்தாவின் அவசரம்

பாஸ்வேர்டு மறந்தவர்கள் எல்லாம் எனக்குப் போன் போடுவார்கள். வீட்டில் என் பாப்பாவைக் குளிப்பாட்டும்போது சோப்புக் கையோடு கோடு படித்துச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு பெரியவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். இங்கே அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். மாதம் ரெண்டு தடவை அவர் ஐடி பூட்டிக்கொள்ளும். கோடு சொன்னதும் "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார்.

ஒரு நாள் தயங்கித் தயங்கி, "தாத்தா, பாரீசுல இருக்கற ஒங்க பையன் நம்பரப் போட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

"அவன் நம்ம மத்தியானத்துக்குத்தான் எழுந்துக்குவான். நீ வெடிகாலையிலயே முழிச்சிருக்கியே."

மேலயும் கீழயும்

திருக்கனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், கோரிமேடு ஆஸ்பத்திரியில் மனைவிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர். ரிப்போர்ட்டை எல்லாம் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருந்தார். போனில் இடம் இல்லை என்று வந்ததாம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த யாரோ, "எல்லாம் மேல ஏறிடுச்சு, கீழ இருக்கறத அழிச்சிடுங்க" என்று சொல்ல, இவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். அழிக்க அழிக்க மேலே க்ளவுடில் இருந்ததும் கூடவே அழிந்திருக்கிறது.

நல்லவேளை, அழித்த படங்கள் கொஞ்ச நாள் குப்பைக் கூடையில் கிடக்கும். அதற்குள் வந்துவிட்டார், எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். இதில் அழித்தால் அதிலும் போய்விடும், நிஜமாகவே வேறு இடத்தில் வைக்கணும் என்றால் தனியாகக் காப்பி எடுக்கணும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இங்க அழிச்சா அங்கயும் போயிடும்னா, அது எதுக்கும்மா ரெண்டு எடம்?"

ரெண்டு நாள் ஆகும்

போன மழைக்காலத்தில், பாப்பாவுக்கு ஊசி போடக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரும்போது டெம்போவில் என் போனைத் தொலைத்தேன். அதே நம்பரை வேறு சிம்மில் வாங்கலாம்தான். ஆனால் அந்த சிம் என் அண்ணன் பேரில் வாங்கியது, அண்ணன் மஸ்கட்டில். அவரே நேரில் வரணும் என்று சிம் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். லீவு அடுத்த வருஷம்தான். வேறு நம்பர் வாங்கிக்கொண்டேன். பாயிடம் சொல்லவில்லை. யாருக்கும் கோடு தேவைப்படாமல் இருக்கணும் என்று வேண்டிக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, செல்வி அக்கா வந்துவிட்டார். துணி ஊற வைத்த பக்கெட்டில் போன் விழுந்து, பிழைக்காது என்று ஆகிவிட்டது. "போன் போவட்டும் பாப்பா, அளவு வேணும்" என்றார். அளவெடுத்ததைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, துணியோடு சேர்த்துப் போட்டோ எடுத்துவிட்டுக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார். அதுதான் அவர் வழக்கம். முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினோரு ஜாக்கெட். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

வேறு போனில் அவர் ஐடியைப் போட்டேன். என் பழைய நம்பரின் கடைசி ரெண்டு எண்ணைக் காட்டி, இதற்குக் கோடு அனுப்பியிருக்கிறோம் என்றது. "ரெண்டு நாள் ஆகும்க்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த ரெண்டு நாளும் எத்தனையோ முறை முயன்று பார்த்தேன். திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் வந்து நின்றதும் எல்லாவற்றையும் சொன்னேன். பாய்க்கும் அப்போதுதான் தெரிந்தது. பிறகு பாய்தான், "இந்த ஐடிய வேற எதுலயாவது போட்டிருக்கியாம்மா?" என்று கேட்டார். வீட்டில் பொண்ணு, கடையில் ஏற்றிக் கொடுத்த கார்ட்டூன் பார்க்கிற டேப்லெட்டில் போட்டிருப்பதாக அக்கா சொன்னார். போய் எடுத்து வந்தார். அதில் ஐடி திறந்தே இருந்தது. கடை வைஃபையில் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். ரெண்டு வருஷப் படமும் இருந்தது, கடைசி மூணு வாரம் மட்டும் இல்லை. வைஃபை கிடைத்தால்தான் படம் ஏறும் என்று நான்தான் வைத்துக் கொடுத்திருந்தேன். அக்கா வீட்டில் வைஃபை கிடையாது. எங்கள் கடைக்கு வரும்போது கிடைத்த வைஃபையில்தான் அத்தனையும் ஏறியிருக்கிறது. கடைசியாகச் சார்ஜர் வாங்க வந்த அன்றோடு நின்றுவிட்டது. கல்யாண வீட்டு அளவு அதற்கப்புறம் எடுத்தது.

அக்கா திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். டேப்லெட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அளவு போனா திரும்பப் போயி எடுத்துக்குவேன் பாப்பா. அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் மிச்சமாயிருக்கும்."

பதினோரு ஜாக்கெட்டையும் முடித்துவிட்டார். கடைசி ரெண்டுக்குக் கொக்கி வைக்க ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன்.

பில் புக்கில் பார்த்தது

நான் உண்மையைச் சொன்ன மறுநாளே பாய் பழைய பில் புக்கை எல்லாம் எடுத்துப் போட்டார். எனக்கு முன்பின் தெரியாதவர்களோடு போனில் பேசவே வராது. அன்றைக்கு முப்பது பேரிடம் பேசினேன். ஒவ்வொருவரையும் கடைக்கு வரச் சொல்லி, போன் அவர்கள் கையில் நன்றாக இருக்கும்போதே அவர்கள் நம்பரை மாற்றினோம். "அப்ப இத்தினி நாளா என் போட்டோவெல்லாம் நீ பாத்துக்கிட்டு இருந்தியா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

ரெண்டு பேரை மட்டும் பிடிக்க முடியவில்லை. அவர்கள் பில்லில் கஸ்டமர் நம்பர் என்ற இடத்தில் என் பழைய நம்பரே எழுதியிருந்தது. சிம் அப்போது வேலை செய்யவில்லை, ஏதாவது எழுதணுமே என்று நான்தான் எழுதியிருக்கிறேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இவங்க கோவமா வந்து நிப்பாங்கம்மா. மொதல்ல நம்பர வாங்கி எழுதிக்க, அப்பறமா திட்டு வாங்கிக்கலாம்."

ஆக, க்ளவுடில் ஏற்றிய படம் பத்திரமாக இருக்குமா என்று இப்போது யாராவது கேட்டால், உங்கள் சிம் யார் பேரில் இருக்கிறது, அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.