செங்கல் பொடியும் என் நெஞ்சும்

அந்த டிரம்பெட்டைக் கெடுத்தது நீர். கெட்டது டிரம்பெட் அல்ல, என் நெஞ்சு என்று மிளகாய் வத்தல் மண்டித் தெருவில் நின்று ஊருக்குச் சொன்னதும் நீர்தான். உம்மைப் பேண்டு மாஸ்டர் என்று மற்றவர்கள் கூப்பிடட்டும். நான் இனிக் கூப்பிடுவதாக இல்லை.

படிக்கிறவர்களுக்கு விவரம் தெரிய வேண்டும். முதலிலிருந்து சொல்கிறேன்.

ஐம்பதுகளில் விருதுநகரில் இவருடைய பேண்டு செட்டில் நான் டிரம்பெட் ஊதினேன். இவர் கிளாரினெட். பெரிய வித்வான் என்று நினைப்பு. பாட்டு உச்சிக்கு ஏறும் இடத்தில் கிளாரினெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு கன்னத்தை மட்டும் உப்பிக் காட்டுவார். சத்தம் என்னுடையது. கல்யாண வீட்டுக்காரர்கள் அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது சத்தம். அதுவும் போன வாரம் பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. சங்கீதம் தெரிந்து எங்களைக் கூப்பிட்ட ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் பேண்டுக்காரன் வீட்டில் அடுப்பும் அரைநேரம்தான் எரியும். எனக்குக் கல்யாணம் ஆனதும் மாமனார் ஊரான தாயில்பட்டிக்குப் போய் ஒரு வெடி கம்பெனியில் சேர்ந்தேன். எட்டு வருஷம் சலிக்கிற வேலை. மருந்தில் கலக்கப் போகிற வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் தனித்தனியாகச் சலித்துக் கொடுக்க வேண்டும். ஒரு துகள் மணல் கலவைக்குள் போய்விட்டால், கலக்கும்போது உரசித் தீப்பிடித்து அறையே போய்விடும். ஆகவே எட்டு வருஷமும் நான் பார்த்த வேலை மணல் தேடுவது. கண்ணால் தேடுவேன். கண்ணுக்குப் படாததை விரல் நுனியால் தேடுவேன்.

டிரம்பெட்டை நினைத்து ஏங்கினேன் என்று எழுதினால் பொய். முதல் இரண்டு வருஷம் சாப்பிட்டு உட்கார்ந்தால் டிரம்பெட்டை அமுக்கிப் பழகிய வலது கை விரல் மூன்றும் தானாகத் தொடையில் அமுங்கும். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அப்படி இருந்தவனைத் தேடி இவரே பஸ் ஏறித் தாயில்பட்டிக்கு வந்தார்.

"ஒனக்குப் பெறகு ஊதுன பய அவன் டிரம்பெட்டத் தூக்கிக்கிட்டு, சினிமாவுல ஊதப்போறேன்னு மெட்ராசுக்கு ஓடிட்டாம்லே. வைகாசியில மண்டிக்காரக வீட்டுக் கல்யாணம். பெரிய எடம். நீ வரலேன்னா நான் தலையில துண்டப் போட்டுக்கிட்டுத்தான் பஜார்ல நடக்கணும்."

"எட்டு வருசம் ஆச்சு அண்ணாச்சி. உதடு மறந்திருக்கும்."

"உதடு மறக்கும். மூச்சு மறக்காது. உனக்கு இருக்க மூச்சு இந்தச் சில்லாவுல எவனுக்கு இருக்கு?"

இது அவர் வாயால் என் வீட்டு வாசலில் சொன்னது. என் மனைவி சாட்சி.

நான் முன்பு ஊதிய டிரம்பெட்டைக் கொண்டுவரவில்லை. உதட்டில் வைத்து ஊதுகிற வாய்த்துண்டை மட்டும் துண்டு முனையில் முடிந்து எடுத்து வந்திருந்தார். "மத்தது வீட்டுல சாமி அலமாரியில இருக்கு. கல்யாணத்தன்னிக்குக் கையில தாரேன். அம்புட்டு நாளும் இத வச்சு வாயப் பழக்கு."

ஞாயிற்றுக்கிழமைகளிலும், மற்ற நாளில் வேலை விட்டு வந்த பிறகும் ஊர்க் கண்மாய்க் கரைக்குப் போய்ப் பழகினேன். வாய்த்துண்டை மட்டும் ஊதினால் வாத்துச் சத்தம்தான் வரும். ஆடு மேய்க்கிற ஒருவர் இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு, "என்னலே, வாத்துக்கு வைத்தியம் பாக்கியா?" என்றார். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி நிமிராமலே, "வாத்தா இருந்தா முட்டையாவது போடும்" என்றாள்.

முதல் வாரம் உதடு வீங்கி, சோற்றை மெல்ல முடியவில்லை. இரண்டாவது வாரம் வீக்கம் வற்றி உதடு இறுகியது. நாலாவது வாரம் ஒரு சுரத்தைப் பிடித்தால் அது உடையாமல் மதகின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே மூச்சில் நடந்துவிடுவேன். அந்த மூச்சைத்தான் இல்லை என்கிறார்கள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்புகிற கோயில் வாசலில் டிரம்பெட்டைக் கையில் கொடுத்தார். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. விரிந்த வாய்ப்பக்கம் சந்தனம், குங்குமம் வேறு. விரலால் அமுக்குகிற மூன்று வால்வையும் அமுக்கிப் பார்த்தேன். நடுவால்வு நறநறவென்றது.

"அண்ணாச்சி, வால்வுக்கு எண்ணெய் விட்டீகளா?"

"எண்ணெய் எதுக்கு? ஆயுத பூசைக்கும் பொங்கலுக்கும் ஒங்க மதினி வெளக்கோட சேத்து வச்சுத் தேய்க்கா. புளி, செங்கல் பொடி, எல்லாம் போட்டு. கண்ணாடி கணக்கா இருக்கு, பாத்தியா?"

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷம் மணல் தேடிய விரல் இது. அமுக்கியதுமே உள்ளே பொடி கிடப்பது தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு ஊதாவிட்டால் இனி எப்போது ஊதப் போகிறோம் என்ற ஆசை. ஆசைப்பட்டவன் முட்டாள். அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் பாட்டு நன்றாகவே போனது. சைடு டிரம் அடிக்கிறவர் என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். மண்டித் தெருவுக்குள் நுழைந்து இரண்டாவது பாட்டின் நடுவில் இருக்கும்போது நடுவால்வு அமுங்கியது, எழும்பவில்லை. நான் ஒன்றை ஊத, அது ஒன்றைக் கத்தியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் காருக்குப் பக்கத்திலிருந்து, "என்ன மாஸ்டர், ஆட்டுக்குட்டியையும் கூட்டிட்டு வந்திருக்கீகளா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

இவர் திரும்பினார். டிரம்பெட்டை ஒருமுறை வாங்கிப் பார்க்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. என் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"தப்பு ஏந்தப்புதான், மொதலாளி. மருந்துல கெடந்தவனப் போயி கூட்டியாந்தேன். நகத்தப் பாருங்க, அலுமினியம். நெஞ்சுக்குள்ளயும் அதுதான இருக்கும்? மூச்சு எங்கன வரும்?"

அந்த நேரம் பார்த்து நான் இருமித் தொலைத்தேன். பக்கத்துக் கடையில் வத்தல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் வத்தல் இறக்கும்போது இருமாதவன் என்றால் பிணமாகத்தான் இருக்க வேண்டும். தாய்மாமன் இருமினார். மாப்பிள்ளை கைக்குட்டைக்குள் இருமினார். மாஸ்டரும் இருமினார். ஆனால் ஊர் காதில் விழுந்தது என் இருமல் ஒன்றுதான். ஒரு அம்மாள் தன் பிள்ளையை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். "டி.பி.யா இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். இவர் காதிலும் அது விழுந்தது. மறுக்கவில்லை.

நான் ஒதுங்கி நின்று நடுவால்வின் அடிமூடியைத் திருகிக் கழற்றினேன். சிவப்பாகக் குழைசேறு வந்தது. செங்கல் பொடி, உள்ளே ஒரு புளிநார். சைடு டிரம்காரர் குனிந்து பார்த்தார். இவரும் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு டிரம்பெட்டை என் கையிலிருந்து வாங்கி, தோள் துண்டால் சேற்றைத் துடைத்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நடங்கப்பா, நேரமாச்சு" என்றார்.

மதினி மேல் எனக்குக் கோபமில்லை. பித்தளை என்றால் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பது எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். இது விளக்கல்ல, உள்ளே வால்வு ஏறி இறங்குகிற சாமான் என்று சொல்லியிருக்க வேண்டியவர், அதை வைத்துப் பிழைக்கிறவர். மாஸ்டர் என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறவர்.

சாத்தூர் பேண்டு செட்டில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே உள்ளவர் நல்ல மனிதர். காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"கோவிச்சுக்கிடாதீக. எங்க செட்டுல ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஒரே வாய்த்துண்டுல ஊதுறோம். அந்தப் பேச்சு வந்த பெறகு ஒங்க வாய் பட்டத எவன் வாயில வைப்பான்?"

பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீட்டினேன். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தலைகீழாகப் பார்த்தார்.

"இதப் பாத்து எங்களுக்கு என்ன தெரியும்? ஒங்க மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளைக்கே வாங்க."

டாக்டர் எழுத்துக்கு இல்லாத மதிப்பு உம்முடைய வாய்க்கு இருக்கிறது. இந்த ஊரின் லட்சணம் அது. சரி, அந்த ஒரு வார்த்தையைக் கேட்கச் சைடு டிரம்காரரை உம்மிடம் அனுப்பினேன். நீர் என்ன சொல்லி அனுப்பினீர்? "நான் இப்ப வாயத் தொறந்தா செட்டுப் பேரு போயிரும். அவன் கம்பெனியிலதான வேலை பாக்கான், ஊதித்தான் பிழைக்கணுமா?"

ஆமாம், ஊதித்தான் ஆக வேண்டும். நாலு வாரம் வாத்து மாதிரிக் கத்தித் திரும்பப் பிடித்த உதடு இது. பிழைப்புக்காக அதைப் பிடிக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் சும்மா விட்டால் இதுவும் போய்விடும். இன்னொரு முறை பிடிக்க எனக்கு வயது கிடையாது.

ஆள் அனுப்பாதீர். வீட்டுக்கு வந்து தோளில் கை போட்டுச் சமாதானம் பேசாதீர். கடை திறந்திருக்கிற நேரத்தில், மண்டிக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, சொன்ன இடத்திலேயே நின்று எனக்குப் பதில் சொல்லும். அந்தச் சேற்றைத் துண்டால் துடைத்தீரே, அது என்னவென்று தெரிந்து துடைத்தீரா, தெரியாமல் துடைத்தீரா?