ஒன்பது நம்பர் காலுக்கு எட்டு நம்பர் ஷூ

எட்டு. மூன்று வருடமாக அவர் போட்டிருந்த ஷூவின் நம்பர் அது. அவர் கால் ஒன்பது.

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் விட்டுவிடலாம். செய்தவர் செருப்புக்கடை விற்பனையாளர். வாசலில் நுழைகிறவரின் முகத்தை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கமாட்டார். காலைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே குரல் கொடுப்பார்: "ஏழு, அகலம்!" வருகிற பெட்டி கச்சிதமாக இருக்கும். அதனால் முதலாளிக்கு அவர் 'நம்பர்', மற்றவர்களுக்கு 'நம்பர் அண்ணன்'. அந்தக் கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்காரக் கூடாது. குத்தவைத்து மாட்டிவிட வேண்டும், எழ வேண்டும், ஏணியில் ஏறிப் பெட்டி எடுக்க வேண்டும். இருபத்தாறு வருடமாகக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடியவர்.

வழுக்கக் கூடாதென்று ஏணியில் ஏறும்போது மட்டும் ஷூவைக் கழற்றிவிடுவார். அப்படி ஒரு மத்தியானம் ஏறி நின்றபோதுதான் கீழே பெஞ்சில் செருப்பு வாங்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டார்: "அண்ணே, உங்க சாக்ஸ்ல என்ன, ரத்தமா?"

இடது கட்டைவிரலுக்குக் கீழே சாக்ஸ் நனைந்திருந்தது.

"வலிக்கலையா?"

"இல்லையே" என்றார் பெருமையாக. அந்தப் பெருமை மறுநாள் பாத சிகிச்சை நிலையத்தில் காற்றில் பறந்துவிட்டது.

டாக்டர் ஒரு இளம்பெண். பன்னிரண்டு வருடச் சர்க்கரை என்றதும் தலையாட்டினார். "ஐயா, கண்ணை மூடிக்குங்க. ஒரு நைலான் இழையால உள்ளங்கால்ல தொடுவேன். தொடறப்பல்லாம் 'ஆமா'ன்னு சொல்லுங்க."

அவர் காத்திருந்தார். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சுட்டேன் ஐயா."

அத்தனை தொடுதலையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் அடுத்து ஒரு தாளைத் தரையில் விரித்து, அவரை மேலே நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார். கோட்டின் மேல் அவருடைய ஷூவை வைத்தார். இரண்டு பக்கமும் கோடு வெளியே பிதுங்கி நின்றது.

"இது யாரு ஷூ?"

"என்னோடதுதான்." அவர் குரல் இறங்கியது. "ஒன்பது போட்டா கால்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சும்மா. எட்டு போட்டாதான் நல்லாப் புடிச்ச மாதிரி இருந்துச்சு."

"உணர்ச்சி போன கால் அப்படித்தான் சொல்லும் ஐயா. நெரிச்சாத்தான் அதுக்குத் தெரியும்."

தடித்துக் காய்த்த தோலைச் சீவி எடுத்ததும் அடியில் ஒரு குழி தெரிந்தது. எலும்பை இன்னும் தொடவில்லை. தொட்டால் விரல் போகும், அதோடு நிற்குமென்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். புண்ணின் மேல் பாரம் விழாமலிருக்க விரல்நுனியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை காலோடு ஒட்டிய மாவுக்கட்டு. வாராவாரம் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும். ஆறு வாரம்.

"கழட்டி மாட்டுற மாதிரி ஒண்ணு கெடையாதா?"

"இருக்கு. நீங்க கழட்டிடுவீங்க" என்றார் டாக்டர். "மாடிப்படி பக்கமே போகாதீங்க."

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லை. மைத்துனனும் கீழ்வீட்டு டிரைவரும் நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார்கள். ஆள் வைத்த இடத்திலேயே இருந்தார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். மூன்றாவது மாடியிலிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரிகின்றன. தலையை வைத்து அவருக்கு யாரையும் தெரியாது.

முதலாளி போன் செய்தார். "நம்பர், பள்ளிக்கூடம் தெறக்குது. மாசக் கடைசிக்குள்ள வந்துரு. அதுக்கு மேல நான் வேற ஆள் போட்டுத்தான் ஆகணும்."

"உக்காந்து வேலை பாக்கலாமா மொதலாளி?"

"செருப்புக்கடையில உக்காந்திருக்கறவன் கஸ்டமர்யா!"

இரண்டாவது வாரம், மாற்றிப் போட்ட கட்டுக்குள் என்ன நடக்கிறதென்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. வலி இல்லை, அரிப்பு இல்லை. ஆறுகிறதா, அழுகுகிறதா? குனிந்து மோந்து பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். பூட்டிய வீட்டைத் தட்டியது போலிருந்தது.

மனைவி அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாள். ஆனால் காய்கறி தானாக மாடியேறி வராதே. அவள் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து அவர் தலை சீவி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக நகர்ந்து இறங்கினார். முதலாளியிடம் முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடலாமென்று கணக்கு. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கட்டின் குதிகால் படி விளிம்பில் மோதியது. விரிசல் விடும் சத்தம் காதில் விழுந்தது. காலுக்கு எதுவும் தெரியவில்லை.

ஏறவும் முடியவில்லை, இறங்கவும் பயம். அங்கேயே உட்கார்ந்திருந்தார். பையோடு ஏறி வந்த மனைவியிடம் கையும் களவுமாக மாட்டினார்.

"எங்கங்க பயணம்?"

"சும்மா, காத்து வாங்க."

"காத்து வாங்கவா சட்டையை உள்ள விட்டுருக்கீங்க?" பையை வைத்துவிட்டுப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். "விரலை எடுத்துட்டா அந்தக் கடையில நிக்கவா விடுவாங்க?"

"இப்ப நிக்கலேன்னாலும் விடமாட்டாங்களே."

அவள் விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு டிரைவரைக் கூப்பிடக் கீழே இறங்கினாள்.

அன்றே கட்டை அறுத்துப் பிரித்தார்கள். பழைய புண் பாதியாகச் சுருங்கியிருந்தது, எலும்பு தப்பித்தது. ஆனால் குதிகாலில் புதிதாக ஒரு கொப்புளம். டாக்டர் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "இன்னையிலேருந்து மறுபடி ஆறு வாரம் ஐயா" என்றார்.

புதுக் கட்டு மாலைக்குள் காய்ந்தது. டிரைவரும் மைத்துனனும் நாற்காலியை மூன்றாவது மாடிக்குத் தூக்கினார்கள். ஒன்றாம் தேதி கடையில் புது ஆள் சேர்கிறார்.